விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை: ஜூரோங்கில் இரண்டு நாள் வகுப்பு

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோகும். வகுப்பு முடிந்து மூன்று வாரம் ஆகிறது, சான்றிதழ் இன்னும் வரவில்லை. பயிற்சி நிலையத்தின் இணையத்தளத்தில் உள்ளே போய்ப் பார்த்தால் என் பெயருக்கு நேரே பச்சை நிறத்தில் ‘அனுப்பப்பட்டது’ என்று இருக்கிறது. இரண்டு தடவை ஃபோன் செய்தேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் இரண்டு தடவையும் ஒரே பதில்: எங்கள் சிஸ்டத்தில் போய்விட்டதாகக் காட்டுகிறதே. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஏன் என்பது கீழே படித்தால் தெரியும்.

வகுப்பு எதைப் பற்றி என்றால், ஆலைகளில் மனிதன் ஏன் தப்பு செய்கிறான் என்பதைப் பற்றி. ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்பார்கள், தமிழில் மனிதக் காரணிகள் என்று எழுதுகிறார்கள். பாடத்தில் முக்கால்வாசி உதாரணம் அணுமின் நிலையங்களிலிருந்து. ஜூரோங் ஈஸ்ட் எம்ஆர்டியிலிருந்து பத்து நிமிட நடை, ஒரு தொழிற்பேட்டைக் கட்டடத்தின் ஆறாவது மாடி, இரண்டு நாள், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை. மானியம் போக மீதியை, பயிற்சிக்கென்று அரசாங்கம் கொடுக்கிற என் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கழித்துக்கொண்டேன், கையிலிருந்து போனது சாப்பாட்டுக் காசு மட்டும்தான். பயிற்சி நிலையத்தின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். விசாரித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும், இந்த மாதிரி வகுப்பு எடுக்கிற இடம் இங்கே அதிகம் இல்லை.

நான் யார் என்றால், ஜூரோங் தீவில் ஒரு ஆலையில் 17 வருஷமாகக் கட்டுப்பாட்டு அறைப் பேனல் முன்னால் உட்கார்ந்திருப்பவன். சிங்கப்பூரில் அணுமின் நிலையமே இல்லையே, உனக்கு எதற்கு இது என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. 2012-ல் அரசாங்கம் ஆய்வு செய்து, அன்றைக்கு இருந்த அணு உலைகள் நம் ஊருக்குச் சரிப்படாது என்று சொன்னது. அப்புறம் 2025 பட்ஜெட்டில் மறுபடி அந்தப் பேச்சு வந்தது, சின்ன உலைகளைப் பற்றிப் படித்துப் பார்க்கப் போகிறோம் என்று. எனக்கு அதெல்லாம் காரணம் இல்லை. உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்து முடிவெடுக்கிற வேலையில் எவன் இருந்தாலும், அவனைப் பற்றி அதிகமாகத் தோண்டிப் பார்த்தவர்கள் அணுமின் நிலையக்காரர்கள்தான். அவர்கள் தலையில் அடிபட்டுக் கற்றுக்கொண்டவர்கள்.

நான் எதிர்பார்த்துப் போனது வேறு. ஹெல்மெட் போடுங்கள், கவனமாக இருங்கள், உங்களுக்காக வீட்டில் குடும்பம் காத்திருக்கிறது, இந்த மாதிரி. வருஷா வருஷம் கேட்டுச் சலித்த பாட்டு. பாடம் எடுத்தவர் அறுபதைத் தாண்டிய சீனர், பல கட்டுப்பாட்டு அறைகளைப் பார்த்தவர், மெதுவாகப் பேசுவார். வந்ததும் ஒரு படத்தைப் போட்டார். பழைய அமெரிக்க அணுமின் நிலையம் ஒன்றின் பேனல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நெம்புகோல், இரண்டின் தலையிலும் பீர் குழாயின் கைப்பிடி மாட்டியிருக்கிறது, ஒன்றில் ஒரு பீர் கம்பெனி, மற்றதில் வேறொன்று. எல்லாரும் சிரித்தோம். குடிகாரன் வேலையா என்றார் என் பக்கத்தில் இருந்தவர். இல்லை. இரண்டு நெம்புகோலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்ததால், இருட்டிலும் அவசரத்திலும் எது எது என்று தடவிப் பார்த்தே தெரியட்டும் என்று அங்கே வேலை பார்த்தவர்களே மாட்டிக்கொண்டது அது. வடிவமைத்தவர் யோசிக்காததை ஆபரேட்டர் யோசித்திருக்கிறார். அந்த ஒரு படத்துக்கே எனக்கு வகுப்பு பிடித்துவிட்டது.

முதல் நாள் மதியத்துக்கு மேல்தான் சங்கதி. நால்வர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு வேலை கொடுத்து, கணினியில் ஓடுகிற ஒரு பயிற்சி உலை முன்னால் உட்கார வைத்தார்கள். என் குழுவில் ஒரு மலாய்க்காரர், ஒரு பிலிப்பினோ, அப்புறம் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு தம்பி, துவாஸ் பக்கம் ஒரு ஆலையில் வேலை. எனக்குப் பேனல். உள்ளூர எனக்குத் தெம்புதான், 17 வருஷம் பார்த்த கை அல்லவா.

ஆரம்பித்து மூன்று நிமிஷத்தில் பம்பு நின்றது, உலை தானாக நின்றது, அலாரம் அடிக்கத் தொடங்கியது. ஒன்று இரண்டு இல்லை, திரை முழுக்கச் சிவப்பு. அழுத்தம் ஏறியதும் அதை வெளியேற்றுகிற நிவாரண வால்வு திறந்தது, பிறகு அதன் விளக்கு அணைந்தது. மூடிவிட்டது, சரி என்று அடுத்ததைப் பார்க்கப் போனேன். அழுத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஆனால் உலையின் அழுத்தத்தைச் சீராக வைக்கிற, மேலே இருக்கிற பிரஷரைசர் கலனில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது.

“அண்ணே, லெவல் தொண்ணூறைத் தாண்டுது.”

“அவசரப் பம்பு ஓடுதா?”

“ஓடுது அண்ணே. நிறைஞ்சிடும் போலிருக்கு.”

“குறை, குறை. ரொம்பக் குறை.”

குறைத்தோம். கொஞ்ச நேரத்தில் உலையின் மேல்பகுதி காய்ந்துவிட்டது. பாடம் எடுத்தவர் பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் திரையை அப்படியே நிறுத்தி வைத்தார். ஐந்து குழுவில் நான்கு குழு இதையேதான் செய்திருந்தது.

அப்புறம்தான் சொன்னார், நீங்கள் இப்போது ஓட்டியது 1979 மார்ச் 28, விடியற்காலை நான்கு மணி, அமெரிக்காவில் பென்சில்வேனியா, த்ரீ மைல் ஐலண்ட் இரண்டாவது உலை. அந்த விளக்கு வால்வு மூடியதைக் காட்டும் விளக்கு கிடையாது. வால்வுக்கு ‘மூடு’ என்று உத்தரவு போனதை மட்டும் காட்டும். உத்தரவு போனது, விளக்கு அணைந்தது, வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் உலையின் தண்ணீர் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது, கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண்ணெதிரே அணைந்த விளக்கு.

என் அம்மா ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டைப் பிடித்து மூன்று தடவை தொங்கிப் பார்ப்பார். சாவியைத் திருப்பியாச்சே, அப்புறம் எதற்கு இழுக்கிறீர்கள் என்று கேலி செய்திருக்கிறேன். சாவி திருப்பினது வேறு, பூட்டு பூட்டிக்கொண்டது வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு 44 வயதும் ஒரு அணு உலையும் தேவைப்பட்டது.

தண்ணீர் மட்ட விஷயம் இன்னும் சுவாரஸ்யம். உலைக்குள்ளே தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று நேராகக் காட்டுகிற மானியே அங்கே இல்லை. பிரஷரைசரில் மட்டம் இருந்தால் உலையிலும் இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். சாதாரண நாளில் அது சரிதான். அழுத்தம் இறங்கியபோது உள்ளே தண்ணீர் கொதித்து நீராவியாகி, மிச்சத் தண்ணீரை மேலே தள்ளியது. பால் பொங்குகிற மாதிரி. சட்டி விளிம்புவரை நிறைந்து தெரியும், அடுப்பை அணைத்தால்தான் அடியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அந்த ஆபரேட்டர்களுக்குப் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தது, கலனை முழுசாக நிறைய விடாதே, அழுத்தம் கையை விட்டுப் போய்விடும் என்று. அவர்கள் அமெரிக்கக் கடற்படையின் அணுசக்திக் கப்பல்களில் பழகி வந்தவர்கள், அந்தப் பயம் இரத்தத்தில் ஊறியது. ஆகவே பாடத்தில் சொன்னபடியே நடந்து அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள். அலட்சியமே இல்லை. ஒழுங்காகப் படித்த பையன் செய்கிற தப்பு. உலையின் மையப்பகுதி பாதி உருகிவிட்டது.

இன்னும் சின்னச் சின்ன விஷயங்கள், ஒவ்வொன்றும் என்னைக் குத்தியது. துணைப் பம்புகளின் வால்வுகள் இரண்டு நாளைக்கு முன்னால் சோதனைக்காக மூடப்பட்டு, மூடியபடியே இருந்தன. அவற்றுக்கு விளக்கு இருந்தது, ஆனால் ஒரு விளக்கின் மேல் பராமரிப்பு அட்டை ஒன்று தொங்கி மறைத்துக்கொண்டிருந்தது. கண்டுபிடிக்க எட்டு நிமிஷம். முதல் சில நிமிஷத்தில் நூறுக்கு மேல் அலாரம். அலாரங்களை அச்சடிக்கிற இயந்திரம் ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிப் போனது, அதாவது அவர்கள் கையில் இருந்த தாள் பழைய சேதி. வால்வு கசிந்தால் தண்ணீர் வந்து சேருகிற தொட்டியின் மானி, பேனலின் பின்பக்கம் இருந்தது, எழுந்து சுற்றிக்கொண்டு போனால்தான் தெரியும். விசாரணையில் ஆபரேட்டர் ஒருவர் சொன்னாராம், அந்த அலாரம் பலகையையே தூக்கி எறிந்திருக்கலாம் போலிருந்தது, உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை என்று. வகுப்பில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

எனக்கு மறக்காதது கசிவு. அந்த நிவாரண வால்வு அதற்கு முன்னாலேயே கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது, அதனால் அதன் குழாய் எப்போதும் சூடாகத்தான் இருக்கும். அன்றைக்கும் சூடு அதிகமாகக் காட்டியது. அது எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள். இந்த வாக்கியத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! புதுப் பையன் வந்து, அண்ணே இந்த அலாரம் வருதே என்பான், அது எப்பவும் அப்படித்தான்டா, அக்னாலெட்ஜ் பண்ணு என்பேன்.

கடைசியில் யார் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? ஆறு மணி வாக்கில் வந்து சேர்ந்த ஒரு ஷிஃப்ட் மேற்பார்வையாளர். அவர் முதல் இரண்டு மணி நேரம் அங்கே இல்லை, ஆகவே அந்த அறையில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த கதையை அவர் நம்பியிருக்கவில்லை. அந்த வரிசையில் இருக்கிற இன்னொரு வால்வை மூடிப் பாருங்களேன் என்றார். 6.22-க்கு மூடினார்கள், கசிவு நின்றது. பதினெட்டு மாதத்துக்கு முன்னால், 1977 செப்டம்பரில், ஒஹாயோவில் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் இதே மாதிரி வால்வு மாட்டிக்கொண்டு, ஆபரேட்டர்கள் இதே மாதிரி தண்ணீரை நிறுத்தி, நல்லவேளையாக அங்கே உலை குறைந்த சக்தியில் இருந்ததால் தப்பித்தார்கள். அந்தச் சேதி த்ரீ மைல் ஐலண்டில் பேனல் முன்னால் உட்கார்ந்தவனுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் பயிற்சி எடுத்த சிமுலேட்டருக்கும் இந்த மாதிரி ஒரு கோளாறை ஓட்டிக் காட்டத் தெரியாது. அதிபர் கார்ட்டர் நியமித்த கெமெனி குழு, இயந்திரத்தைவிட மனிதர் சம்பந்தப்பட்ட சிக்கல்தான் அடிப்படை என்று எழுதியது. மனிதர் என்றால் நாற்காலியில் இருந்த நால்வர் மட்டும் இல்லை, வடிவமைத்தவர், பயிற்சி கொடுத்தவர், மேற்பார்த்த அரசாங்க அமைப்பு எல்லாரும் சேர்த்து. கெமெனி கணித ஆசிரியர், பேசிக் கணினி மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர், அது எனக்குப் புதுச் செய்தி.

முதல் நாளுக்கு என்னால் குறை சொல்ல முடியாது. குளிர் மட்டும். ஏர்கானை எதற்காக அப்படி வைக்கிறார்கள் என்று தெரியவில்லை, மதியம் கீழே கோப்பிக்கடையில் நாசி பாடாங் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தால் கம்பளி தேவைப்படுகிறது. எழுந்து குறைக்கலாம் என்று போனால் சுவரில் மூன்று ரிமோட், எது எந்த ஏர்கானுக்கு என்று ஒன்றிலும் எழுதவில்லை. நான் ஒன்றை அழுத்தினேன், பின்வரிசையில் ஒருவர் நடுங்கினார். பீர் குழாய்க் கைப்பிடி மாட்டியிருக்கலாம்.

இரண்டாம் நாள் காலை சுமார்தான். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் சீஸ் துண்டு உவமைக்கு ஒரு மணி நேரம். பாதுகாப்பு அடுக்கு ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்கும், எல்லா ஓட்டையும் நேர்கோட்டில் வரும் நாளில் விபத்து. நல்ல உவமைதான், சல்லடைகளை அடுக்கி வைத்த மாதிரி என்றால் நம் ஆட்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரியும், அதற்கு ஆறு ஸ்லைடு எதற்கு? அதைவிட உபயோகமான ராஸ்முஸனை இருபது நிமிஷத்தில் ஓட்டிவிட்டார்கள். டென்மார்க்காரர், மனிதன் மூன்று விதமாக வேலை செய்கிறான் என்றவர். கோப்பிக்கடை அங்கிளைப் பாருங்கள். அவர் தே சி என்கிற பால் தேநீர் ஊற்றும்போது கை தானாகப் போகிறது, மனசு நேற்றைய நாலு நம்பர் லாட்டரியில் இருக்கும். யாராவது கொசோங் பெங் என்றால் ஒரு விதி ஞாபகம் வருகிறது, சீனி இல்லை, ஐஸ் உண்டு. கொதிகலன் திடீரென்று வேறு மாதிரி சத்தம் போட்டால்தான் நின்று யோசிக்க வேண்டும். தப்பும் இந்த மூன்றிலும் வேறு வேறு மாதிரி வரும். கை வழுக்குகிற தப்புக்கு ‘இன்னும் நன்றாகப் படி’ என்று பயிற்சி கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, சுவிட்சைத் தள்ளி வைக்க வேண்டும். தப்பான விதியை நம்பிச் செய்கிற தப்புக்கு, கவனம் என்று போஸ்டர் ஒட்டிப் பிரயோஜனம் இல்லை. இது தெரிந்தால் பாதி விசாரணை அறிக்கைகளைக் கிழித்துப் போடலாம். அதற்குத்தான் நேரம் கொடுத்திருக்க வேண்டும்.

பெரிய வருத்தம் செர்னோபில். முதல் நாள் முழுக்க ஆளைக் குற்றம் சொல்லாதே, ஏன் அவனுக்கு அது சரியென்று பட்டது என்று கேள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு, செர்னோபிலுக்கு வந்ததும் ஒரே ஸ்லைடு: ஆபரேட்டர்கள் விதிகளை மீறினார்கள். அது 1986-ல் சொன்ன கதை. சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புக் குழு 1992-ல் திருத்தி எழுதிய அறிக்கையில் உலையின் வடிவமைப்புக்குத்தான் பெரிய பங்கு என்றது. உலையை நிறுத்துவதற்காக அழுத்துகிற பொத்தான், உலையை அடக்குவதற்காக இறக்குகிற கட்டுப்பாட்டுத் தண்டுகளின் நுனியில் அணுவினையைக் கூட்டுகிற கிராஃபைட் இருந்ததால், முதல் சில விநாடிகளில் சக்தியைக் கூட்டிவிடும். 1983-லேயே லிதுவேனியாவில் இக்னலினா நிலையத்தில் இது தெரிந்திருந்தது, பேனல் முன்னால் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கமாகச் சொல்லவில்லை. வெடிப்பில் முடிந்த அந்தச் சோதனையைப் பகல் ஷிஃப்டில் செய்வதாகத்தான் திட்டம். கீவ் மின்விநியோகக் கட்டுப்பாட்டு அலுவலகம் மின்சாரம் வேண்டும் என்று கேட்டதால் ஒன்பது மணி நேரம் தள்ளிப்போய், நள்ளிரவில் வந்த ஷிஃப்டின் தலையில் விழுந்தது. பாடம் எடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்? இடைவேளையில் போய்ச் சொன்னேன். ஸ்லைடு பயிற்சி நிலையத்தார் கொடுத்தது, மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறேன் என்றார் மனிதர், கொஞ்சம் சங்கடத்தோடு. அடுத்த பேட்சுக்குப் போகிறவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

மதியம் மறுபடி சூடு பிடித்தது. தலைப்பு: சலிப்பு. இதைப் பற்றி எந்தப் பாதுகாப்பு வகுப்பிலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. 1948-ல் மேக்வொர்த் என்ற ஆய்வாளர், ரேடார் பார்க்கிறவர்களுக்கு ஏன் கண் தப்பிப் போகிறது என்று பார்க்க, ஒரு கடிகார முள்ளை வைத்து ஆட்களை இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும், அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடியது. எங்களையும் அந்த மாதிரி ஒன்றில் உட்கார வைத்தார்கள், பத்தே நிமிஷம்தான். ஏழு தாவலில் நான் இரண்டைக் கோட்டைவிட்டேன். நைட் ஷிஃப்ட் மூன்று மணிக்குக் கண் எரியும்போது நான் என்ன பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று யாரும் கேட்காமல் இருப்பது நல்லது. 1987-ல் பென்சில்வேனியாவிலேயே பீச் பாட்டம் என்ற நிலையத்தை, கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் தூங்கியதற்காக அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் மூடச் சொன்னது. எல்லாம் தானாக ஓடுகிற இடத்தில் மனிதனுக்கு வேலை கிடையாது, ஆனால் கெட்டுப்போகும்போது மட்டும் அவன் ஐந்து நிமிஷத்தில் மேதையாக வேண்டும். லிசேன் பெயின்பிரிட்ஜ் என்ற அம்மையார் 1983-லேயே இதை எழுதிவிட்டார். சின்ன உலை, குறைந்த ஆட்கள் என்று இங்கே பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பேசினால் நன்றாக இருக்கும்.

அலாரத்துக்கு ஒரு கணக்கும் சொன்னார்கள். நிலைமை சாதாரணமாக இருக்கும்போது ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு அலாரத்துக்குக் கீழே இருந்தால் தாங்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் எடுத்துக்கொள்ளும் பிரிட்டிஷ் வழிகாட்டியின் அளவு. 1994-ல் வேல்ஸில் மில்ஃபோர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலை வெடிப்பதற்கு முந்தின கிட்டத்தட்ட பதினோரு நிமிஷத்தில் இரண்டு ஆபரேட்டர்களுக்கு வந்தது 275 அலாரம். என் பேனலில் நேற்று எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தேன். இங்கே எழுத மாட்டேன்.

தேநீர் நேரத்தில் அந்தச் சதுரங்கப்பட்டினத்துத் தம்பி ஒரு கதை சொன்னான். 2004 சுனாமியன்று அவன் ஆறாம் வகுப்பு, அப்பாவோடு மாடியில் நின்றிருந்தானாம், கல்பாக்கம் நிலையத்தின் குவிமாடம் அங்கிருந்து தெரியும். அதற்குள்ளே என்ன நடந்தது என்று வேலைக்கு வந்த பிறகுதான் படித்தானாம். கடல்நீர் பம்பு அறைக்குள் ஏறியிருக்கிறது, குளிர்விக்கும் பம்புகள் நின்றிருக்கின்றன, ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலையைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பத்திரமாக நிறுத்திவிட்டார்கள். “அதைப் பத்தி யாரும் வகுப்பு எடுக்க மாட்டாங்க அண்ணே” என்றான். உண்மைதான். இரண்டு நாளும் கெட்டுப்போன கதைதான் கேட்டோம், கெடாமல் போன நாள் ஒன்றுகூடப் பாடத்தில் இல்லை. இதையும் கருத்துப் படிவத்தில் எழுதினேன். படிவம் கைப்பேசியில், ‘சமர்ப்பிக்கப்பட்டது’ என்று வந்தது, பார்ப்போம்.

வகுப்பிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒன்று உண்டு. ஜப்பான் ரயில்வேக்காரர்கள் செய்கிற மாதிரி, விரலை நீட்டிச் சுட்டி, வாய்விட்டுச் சொல்வது. வகுப்பில் பத்துப் பேர் முன்னால் செய்யக் கூச்சமாக இருந்தது. இப்போது வெளியே கிளம்பும்போது அடுப்பைப் பார்த்து விரலை நீட்டி “கேஸ் மூடியாச்சு” என்கிறேன், குமிழைப் பார்த்து மட்டும் இல்லை, பர்னரையும் பார்த்து. மகள் அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள்.

யார் போகலாம்? பேனல் பார்க்கிறவர்கள், பராமரிப்பு வேலைக்குப் பெர்மிட் போடுகிறவர்கள், மருத்துவமனையில் இருக்கிற தாதியர்கூடப் போகலாம், எங்கள் வகுப்பில் இருவர் இருந்தார்கள், எங்களைவிட நல்ல கேள்வி கேட்டார்கள். நிஜமாகப் போக வேண்டியவர்கள் மேலாளர்களும் வடிவமைப்பாளர்களும், ஆனால் 20 பேரில் ஒரு மேலாளர், அவரும் இரண்டாம் நாள் மதியம் கூட்டம் என்று கிளம்பிவிட்டார். முதல் நாளுக்கு ஐந்துக்கு ஐந்து, இரண்டாம் நாளுக்கு மூன்று, சான்றிதழ் அனுப்புகிற பிரிவுக்கு மதிப்பெண் கிடையாது. கம்பளிச் சட்டை எடுத்துப் போங்கள், சிமுலேட்டர் நேரத்தில் பேனல் வேலையைக் கேட்டு வாங்குங்கள், ஓரமாக நின்று குறிப்பெடுத்தால் ஒன்றும் உறைக்காது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் முதல் காரியமாக எங்கள் அவசர நிறுத்தப் பேனலைப் போய்ப் பார்த்தேன். லேமினேட் செய்த ஒரு தொலைபேசிப் பட்டியல், பாதி விளக்கை மறைத்து ஒட்டியிருந்தது. எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறது என்று எனக்கே ஞாபகம் இல்லை. பிய்த்துப் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். இரண்டு நாள் ஓய்வு முடிந்து வந்து பார்த்தால் மறுபடி பழைய இடத்தில். கத்தலாம் என்றுதான் வந்தது. யார் என்று மட்டும் கேட்டேன். நைட் ஷிஃப்ட் பையன்தான். “அண்ணே, ஏதாவது நடந்தா இந்தப் பேனலத்தான் முதல்ல பார்ப்போம், நம்பரும் இங்கயே இருந்தா உடனே கூப்பிடலாம்ல” என்றான். சுவரில் ஒட்டிய நான் அதை யோசிக்கவில்லை. இப்போது பட்டியல் பேனலிலேயே இருக்கிறது, விளக்குக்கு இரண்டு அங்குலம் கீழே, சின்ன எழுத்தில் அடித்துப் பாதி அளவாக்கி.